பேட்டரி தனி, சார்ஜர் தனி

மொய்னுதீனின் இடது கை கழுத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைத் துணியில் தூளி கட்டியதுபோல் கிடந்த அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் சாஜிதாவுக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். எது முந்திக்கொள்ளும் என்று அவளுக்கே தெரியாததால், காலையில் டீயைக் கொடுத்தபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எல்லாம் போன வாரக் கூத்து. மகள் ஷமாவைப் பெண் கேட்ட குள்ளஞ்சாவடி குடும்பத்தோடு பேசி முடிக்கக் காரில் கிளம்பியிருந்தார்கள். குறிஞ்சிப்பாடி தாண்டியதும் டயர் பஞ்சர். ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது, நட்டுதான் வரவில்லை. எப்போதோ ஒரு பஞ்சர் கடையில் காற்று மெஷினை வைத்து இறுக்கித் தள்ளிய நட்டுகள். மொய்னுதீன் வீல் ஸ்பேனரை மாட்டி அழுத்தினார். மிதித்தார். கடைசியில் அதன்மேல் ஏறி நின்று குதித்தார். நட்டு அப்படியே இருந்தது. மொய்னுதீன்தான் கழன்று விழுந்தார். குள்ளஞ்சாவடிக்குப் போக வேண்டியவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

மாப்பிள்ளையின் அத்தா போனில் மரியாதையாகத்தான் பேசினார். "உடம்பப் பாத்துக்குங்க. அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்கு மேல வாங்க. வரும்போது பொண்ணோட மாமாவையும் அழைச்சிக்கினு வாங்க. பண்ருட்டி சாதிக் அலி பாய்னா நமக்கு நல்ல பழக்கம்."

அந்தச் சனிக்கிழமை இன்றுதான். அந்த மாமா வருவதில்தான் சிக்கலே.

சாஜிதாவின் அண்ணன் சாதிக் அலியும் மொய்னுதீனும் பேசிக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. சாதிக் அலிக்குப் பண்ருட்டியில் ஹார்டுவேர் கடை. அங்கே வாங்கிய டிரில் மெஷின் இரண்டாம் நாளே புகைவிட்டது. அதைக் கடைக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். மொய்னுதீன் சொன்ன இடம் ஒரு கல்யாணப் பந்தி. "மச்சான் கடை டிரில்லு சுவத்துல ஓட்டை போடாதுப்பா. வாங்குறவன் சட்டைப் பையிலதான் போடும்." பந்தி முழுக்கச் சிரித்தது. சாதிக் அலி பிரியாணியில் வைத்த கையை எடுத்தார். எழுந்து போனவர் போனவர்தான்.

"கையில மெஷின் இல்லாம இந்தத் தடவை அந்த ரோட்டுல வண்டி போகாது" என்றார் மொய்னுதீன், டீயை உறிஞ்சியபடி.

"ஒரு வாரமா இதையேதான் சொல்றீங்க. இன்னும் மெஷின் வரலையே."

"சும்மா வாங்கிட முடியுமா? எங்க மைன்ஸ்ல ஒரு கன் இருக்கு. காத்துல ஓடும். உன் தல சைஸுக்கு ஒரு போல்ட்டு. டுர்ர்ருன்னு ஒரு சத்தம், கையோட வந்துரும்."

"என் தலையைக் கழட்டவா மெஷின் வாங்கப் போறீங்க? கார் நட்டுதானே?"

நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்பில் பாதி ஆயுளைக் கழித்தவர் மொய்னுதீன். குவார்ட்டர்ஸை ஒட்டி அவர் போட்டிருந்த தகர ஷெட்டுக்கு அவர் வைத்த பெயர் கராஜ். அதற்குள் ஒரு பழைய கார், அதைவிடப் பழைய ஸ்கூட்டர், காய்ந்துபோன பெயின்ட் டப்பாக்கள். அந்த கராஜுக்கு பேட்டரியில் ஓடி நட்டைக் கழற்றுகிற ஒரு கார்ட்லெஸ் இம்பாக்ட் ரெஞ்ச் வாங்குவது என்று முடிவான நாளிலிருந்து அவருக்கும் ஷமாவுக்கும் சோறு தண்ணீர் இறங்கவில்லை. ஏழாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் கூடாது என்று சாஜிதா முதல் நாளே சொல்லிவிட்டாள். கல்யாணத்தை வைத்துக்கொண்டு நட்டுக்கா செலவு செய்வது?

ஷமா பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். கோடை விடுமுறை. போனும் கையுமாக ஹாலுக்கு வந்தாள்.

"அம்மா, நேத்து அத்தா ஒரு மெஷின் ஆர்டர் போடப் போனார்ல? நல்லவேளை, நான் தடுத்தேன். விலை பாதிதான் இருந்துச்சு. கீழ பொடி எழுத்துல போட்டிருக்கான், பேட்டரி தனி, சார்ஜர் தனின்னு."

"பேட்டரி இல்லாம அது எப்படிடி ஓடும்?"

"ஓடாது. அலமாரில வச்சிப் பாத்துக்கலாம்."

மொய்னுதீன் தூளிக் கையைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் வழியாகக் காக்கையைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணு வெளங்கல ஷமா" என்றாள் சாஜிதா. "உங்கத்தா முழு உடம்பையும் வச்சிக் குதிச்சும் வராத நட்டு, கையகல மெஷினுக்கு எப்படி வரும்?"

"ஊறுகா பாட்டில் மூடி இறுகிப் போச்சுன்னா என்னம்மா பண்ணுவீங்க? ஒரேயடியா மூச்சப் புடிச்சித் திருகுவீங்களா?"

"ஓரத்துல நாலு தட்டு தட்டிட்டுத் திருகுவேன்."

"அதேதான். இந்த மெஷினுக்குள்ள ஒரு சுத்தியல் இருக்கு. திருகிக்கிட்டே தட்டும், தட்டிக்கிட்டே திருகும். அத்தா ஒரே அழுத்தா அழுத்துனதால நட்டு ஜெயிச்சிடுச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சாக்கெட் மாட்டுற முனை, அதான் டிரைவ், அரை இஞ்ச் இருக்கணும். கார்பன் தேயாத பிரஷ்லெஸ் மோட்டாரா கேளுங்க. பேட்டரியும் சார்ஜரும் உள்ளயே இருக்கணும். நட்டக் கவ்வுற சாக்கெட் கறுப்புக் கலர்ல வாங்கணும்மா. பளபளன்னு இருக்குறது தட்டுக்குத் தாங்காது, உடைஞ்சிடும். எல்லாத்தையும் உங்க வாட்ஸப்புக்கு அனுப்பிட்டேன்."

சாஜிதா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டால் "உங்க இஷ்டம்" என்று இரண்டே வார்த்தையில் முடிக்கிற பெண், ஒரு நட்டைக் கழற்றுவதற்கு இவ்வளவு படித்திருக்கிறாள். குள்ளஞ்சாவடிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று இந்த வீட்டில் யாருக்கு அதிக அவசரம் என்பது சாஜிதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்கவில்லை. கேட்டால் மறுபடியும் "உங்க இஷ்டம்" என்பாள்.

"ஆன்லைன்ல போட்டா அடுத்த வாரம்தான் வரும். மெயின் பஜார்ல இல்ல. பண்ருட்டிக்குப் போயிடலாம்" என்றாள் சாஜிதா.

மொய்னுதீன் காக்கையை விட்டுவிட்டுத் திரும்பினார். "பண்ருட்டில யாரு கடைக்கு?"

"ஊருல எத்தனை கடைல இந்த மெஷின் இருக்கு?"

"நான் வரல."

"வாங்க. இறங்க வேணாம். கார்லயே உக்காந்திருங்க."

"வண்டிய யாரு ஓட்டுறது? எனக்குத்தான் கை…"

"நான்."

சாஜிதா லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை ஓட்டியது டவுன்ஷிப்புக்குள், அதுவும் மொய்னுதீன் பக்கத்தில் உட்கார்ந்து ஹேண்ட்பிரேக்கைக் கையில் பிடித்துக்கொண்டிருக்க. டவுன்ஷிப் நுழைவு ஆர்ச்சைத் தாண்டி ஒரு தடவைகூட விட்டதில்லை.

"அது ஹைவேஸு. லாரி வரும்" என்றார் மொய்னுதீன்.

"வரட்டும். நானும் வருவேன்."

*

ஷமாவை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். வடக்குத்து தாண்டும்வரை மொய்னுதீன் ஒன்பது தடவை பிரேக் போட்டார். அவர் பக்கம் பிரேக் இல்லை என்பது அவருக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. பண்ருட்டி மண்டித் தெருவில் சாஜிதா காரை ஓரங்கட்டி நிறுத்தியபோது அவள் முதுகு நனைந்திருந்தது. ஆனால் வண்டி ஒரு தடவைகூட நின்றுபோகவில்லை. அவளுக்கே அது ஆச்சரியம்.

தெரு முழுக்கப் பலாப்பழ வாசனை. மினி லாரிகளில் பழம் மலைமலையாக ஏறிக்கொண்டிருந்தது. கடை வாசலில் சாதிக் அலியின் கார் நின்றது. உள்ளே அண்ணன் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், அத்தர் மணக்க உட்கார்ந்திருந்தார். ஆணியும் சங்கிலியும் விற்கிற கடையில், சனிக்கிழமை மத்தியானத்தில், இது என்ன சட்டை என்று சாஜிதா மனதுக்குள் நினைத்துக்கொண்டாள்.

"வா சாஜி. வண்டிய நீயா ஓட்டிக்கினு வந்த?" அவர் கண் தெருவுக்குப் போய், முன் சீட்டில் தெரிந்த தூளிக் கையைத் தொட்டுவிட்டு, சட்டென்று திரும்பிவிட்டது. "கை எப்படி இருக்குதாம்?"

"நீயே கேளேன், பத்தடி தூரத்துலதான் இருக்காரு."

"எனக்கென்ன. சும்மா கேட்டேன்."

இம்பாக்ட் ரெஞ்ச் என்றதும் அண்ணனின் முகம் மாறியது. உள்ளேயிருந்து மூன்று பெட்டிகளைத் தூக்கி வந்து கல்லாவின்மேல் வரிசையாக வைத்தார். முதல் பெட்டியில் ஒரு எண் பெட்டியைவிடப் பெரிதாக அச்சடிக்கப்பட்டிருந்தது.

"இதோட திருகுற பலம் முந்நூத்தம்பது நியூட்டன் மீட்டர். வெல கம்மி. உன் பட்ஜெட்டுக்குள்ள மிச்சமே வரும்."

சாஜிதா வாய் திறக்குமுன் காரிலிருந்து குரல் வந்தது. யாரையும் பார்க்காமல், கண்ணாடிக்கு முன்னால் இருந்த வெட்டவெளியைப் பார்த்து மொய்னுதீன் பேசினார். "சாஜி, அந்த நம்பரு கழட்டவா, இறுக்கவான்னு கேளு."

"அண்ணே, அது கழட்டவா இறுக்கவான்னு…"

"காது கேக்குது எனக்கு. ரெண்டுக்கும்தான்னு சொல்லு."

"ரெண்டுக்கும்…"

"பெட்டிய திருப்பிப் பாக்கச் சொல்லு. இறுக்குற நம்பரு பின்னாடி சின்னதா ஒளிஞ்சிருக்கும்."

சாஜிதா பெட்டியைத் திருப்பினாள். ஒளிந்துதான் இருந்தது. முன்பக்க எண்ணில் பாதிகூட இல்லை.

"கார் நட்ட இறுக்க நூறு, நூத்திப்பத்து போதும்னு சொல்லு" என்றார் சாதிக் அலி, காரின் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு. "கழட்டத்தான் நெறைய வேணும். அதத்தான் பெருசாப் போட்டிருக்கான். இது ஏமாத்து இல்ல, வெவரம்."

மொய்னுதீன் தூளித் துணியின் முடிச்சைச் சரிசெய்தார். சரியான பதில் வந்துவிட்டால் அவருக்கு எப்போதும் அப்படி ஒரு வேலை வந்துவிடும். சாஜிதா முதல் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பேட்டரி குட்டியாக ஒன்று. ஷமா சொன்னதுபோல் பிரஷ்லெஸ்ஸா என்று கேட்டாள். அண்ணன் தலையைச் சொறிந்தார். அதைத் தள்ளி வைத்தாள்.

இரண்டாவது பெட்டியிலிருந்து வந்தது ஒரு பூதம். கையில் வாங்கிய மாத்திரத்தில் அவள் மணிக்கட்டு தரையைப் பார்த்து வளைந்தது.

"இதுதான் சரக்கு" என்றார் அண்ணன். "லாரி நட்டே வரும்."

"இதத் தூக்கினா என் கையும் தூளிலதான் தொங்கும். நம்மகிட்ட லாரி இல்லண்ணே."

மூன்றாவது, இரண்டுக்கும் நடுத்தரம். அரை இஞ்ச் டிரைவ், பிரஷ்லெஸ் மோட்டார், இரண்டு பேட்டரி, சார்ஜர், கறுப்பு சாக்கெட் எல்லாம் ஒரே பெட்டிக்குள், விலையும் ஏழாயிரத்துக்குள். கைப்பிடி அவள் உள்ளங்கைக்குள் அடங்கியது. வீல் உயரத்துக்குக் குனிந்து, நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். எண்ணெய்ச் சட்டியைத் தூக்கி வடிக்கிற கைக்கு இந்தக் கனம் ஒன்றுமே இல்லை.

"இது."

"பெருச எடுக்கச் சொல்லு, சாஜி" என்றது காரின் குரல்.

"பெருசயே எடுத்துக்க, சாஜி" என்றார் அண்ணனும், ஏறக்குறைய அதே நேரத்தில்.

இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றுவிட்டதை உணர்ந்து, இரண்டு பேரும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்கள்.

"தூக்கப் போறது நானு" என்றாள் சாஜிதா. "ஒருத்தருக்குக் கை இல்ல. இன்னொருத்தரு கூட வரப் போறதில்ல. ரெண்டு பேரும் எதுக்கு சைஸ் சொல்றீங்க?"

அண்ணனுக்குச் சுருக்கென்றது. அது அந்தப் பூதத்தை அவர் சட்டென்று தூக்கிய வேகத்தில் தெரிந்தது. "எங்கடைல எதக் குடுத்தாலும் ஓட்டையாத்தான் இருக்கும்னு ஊரெல்லாம் பேச்சு. இப்பப் பாரு. என் வண்டிலயே காட்டுறேன். நாலு வருஷமா தொடாத நட்டு."

பேட்டரியைச் சொருகினார். வெள்ளைச் சட்டையோடு தன் காரின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினார். பலாப்பழம் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்தினார்கள். டடடடடவென்று தெரு அதிர, முதல் நட்டு கழன்று உருண்டது. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. யாரோ கைதட்டினார்கள். சாதிக் அலி எழுந்து, நெற்றியைத் துடைத்து, தங்கை வந்த காரின் பக்கம் ஒரு பார்வை விட்டார். மொய்னுதீன் தன்னையறியாமல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியிருந்தார். பார்வை பட்டதும் ஆமைபோல் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இப்ப மாட்டுறேன் பாரு!"

அங்கேதான் வினை வந்தது. நட்டைக் கையால் இரண்டு சுற்று ஏற்றிவிட்டு மெஷினை வைக்க வேண்டும். கடைக்கு வருகிறவர்களிடம் சாதிக் அலியே அப்படித்தான் சொல்லி அனுப்புவார். ஆனால் கைதட்டல் இன்னும் காதில் இருந்தது. நட்டை சாக்கெட்டிலேயே வைத்து, நேராகக் கொண்டுபோய் முட்டி, வேகத்தை முழுசாக அழுத்தினார். டடடட என்ற சத்தம் கிறீச்சென்று மாறியது. நட்டு கோணலாகப் பாதியில் நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

காருக்குள்ளிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"மரை கழண்டுடுச்சு."

சாதிக் அலி எழுந்தார். திரும்பினார். ஒரு வருடமாகத் தவிர்த்து வந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

"யாருக்கு?"

"நட்டுக்கு, மச்சான்" என்றார் மொய்னுதீன்.

பலாப்பழக்காரர்களில் ஒருவர் முதலில் சிரித்தார். அப்புறம் தெருவே சிரித்தது. சாதிக் அலியின் மீசை துடித்தது. அது கோபத்திலா என்று சாஜிதா உற்றுப் பார்த்தாள். இல்லை. அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், வெள்ளைச் சட்டையின் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கிரீஸ் மீசை வரைக்கும் ஏறியது.

மொய்னுதீன் கதவைத் திறந்து இறங்கினார். சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். "கையால ரெண்டு சுத்து ஏத்திட்டுல்ல வைக்கணும்?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா இப்படி?"

"நீங்க பாத்துக்கினு இருந்தீங்க மச்சான். அதான்."

மொய்னுதீன் நல்ல கையை மச்சானின் தோளில் வைத்தார். வைத்தது வைத்தபடி இருந்தது. "அந்த டிரில்லு…" என்று ஆரம்பித்தார். "சுவத்துல கம்பி இருந்த இடத்துல விடாம அழுத்தினேன். புகை வந்ததுக்கு மெஷின் மட்டும் காரணமில்ல."

"இத அந்தப் பந்தில சொல்லியிருக்கலாம்ல?"

"பந்தில யாரு கேட்டா? அவன் அவன் சிரிச்சிக்கிட்டிருந்தான்."

பின்னால் மினி லாரிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. வழியை அடைத்துக்கொண்டு நின்ற காருக்கு மீதி மூன்று நட்டுகளைக் கையால் மாட்டி, எல்லோருமாகச் சேர்ந்து ஓரம் தள்ளினார்கள். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, போல்ட்டையே மாற்ற வேண்டும், திங்கட்கிழமைதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாதிக் அலி தன் காரைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்க்காமல் சொன்னார். "சாயங்காலம் இதுலதான் போகலாம்னு இருந்தேன்."

"எங்க?"

"குள்ளஞ்சாவடிக்குத்தான். மாப்பிள்ள வீட்டு பாயி எனக்கும் போன் போட்டாரு. தாய்மாமன் இல்லாம புள்ளைக்கு எப்படிப் பேசறது? உங்க வண்டிக்குப் பின்னாடியே, கொஞ்சம் தூரமா வரலாம்னு…"

சாஜிதாவுக்கு அந்தக் கஞ்சிச் சட்டையின் கணக்கு புரிந்தது. மூன்றாவது பெட்டியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். "பேட்டரிய சார்ஜ்ல போடு அண்ணே. புதுசுல பாதிதான் இருக்குமாம், ஷமா சொன்னா. லுஹர் தொழுதுட்டு, சாப்பிட்டு, நம்ம வண்டில போலாம். சட்டைய மாத்து முதல்ல."

*

வடலூர் திருப்பத்தில் மொய்னுதீன் "இன்டிகேட்டர் போடு" என்றார். பின்சீட்டிலிருந்து சாதிக் அலி "ஹாரன் அடி" என்றார். "மூணாவது கியரு" என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். ஒரு வருடப் பகை தீர்ந்த இரண்டு ஆண்களுக்கு உடனடியாகப் பேசப் பொதுவான விஷயம் ஒன்று வேண்டியிருந்தது. அது அவள் ஓட்டுகிற லட்சணம் என்று ஆகிவிட்டது. பகையாளிகளாகவே விட்டிருக்கலாமோ என்று சாஜிதா ஒரு கணம் யோசித்தாள்.

குறிஞ்சிப்பாடியைத் தாண்டினார்கள். வண்டி இடது பக்கம் இழுத்தது. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, ஒரு வேப்பமரத்து ஓரமாக நிறுத்தினாள்.

மூன்று பேரும் இறங்கிப் பார்த்தார்கள். மண்டித் தெருவில் எந்தப் பழப்பெட்டியிலிருந்து விழுந்ததோ, டயரில் ஓர் ஆணி பளபளத்தது.

"போன வாரமும் இதே ரோடு" என்றார் மொய்னுதீன், இறங்கிய குரலில். "இந்தச் சம்பந்தம் நமக்கு…"

"வாய மூடுங்க" என்றாள் சாஜிதா.

முப்பது வருடத்தில் அவள் அந்த வார்த்தையை அவரிடம் சொன்னதில்லை. அவர் மூடிக்கொண்டார். அண்ணன், தன்னைச் சொல்லவில்லை என்றாலும், சேர்ந்தே மூடிக்கொண்டார்.

துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்க வேண்டும், பிறகுதான் ஜாக்கி. கறுப்பு சாக்கெட்டை மாட்டினாள். விசையை அழுத்தியதும் கை திடுக்கிட்டது. நட்டு அசையவில்லை. சாதிக் அலி ஓரடி எடுத்து வைத்தார். அவள் முழங்கையால் தடுத்தாள். முட்டியை மண்ணில் ஊன்றி, நேராகப் பிடித்து, மறுபடியும் அழுத்தினாள். டடடடட. சத்தத்தில் வேப்பமரத்துக் குருவிகள் பறந்தன. திடீரென்று சத்தம் இளகி, நட்டு சுழன்றது.

"வந்துருச்சு!" என்று கத்தியது அவள்தான்.

டவுன் பஸ் ஒன்று மெதுவாகி, ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. ஜாக்கியை மட்டும் அண்ணனிடம் விட்டாள். ஸ்டெப்னியைத் தூக்கி வைத்து, ஒவ்வொரு நட்டையும் விரலாலேயே நிதானமாக ஏற்றினாள். மெஷினால் லேசாக ஓட்டினாள். வண்டியைத் தரையில் இறக்கியபின் வீல் ஸ்பேனரை எடுத்து, கையாலேயே கடைசி இறுக்கு இறுக்கினாள்.

"அதுக்கும் மெஷினையே வைக்கலாமே" என்றார் சாதிக் அலி.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் வேப்பமரத்தைப் பார்த்தார்.

வண்டி நகர்ந்தபின் மொய்னுதீனின் வாத்தியார் வேலை நின்றுபோனது. இன்டிகேட்டரும் இல்லை, கியரும் இல்லை. குள்ளஞ்சாவடி கடைத்தெரு கண்ணில் பட்டபோதுதான் பேசினார். "எங்க செக்ஷன்ல இருந்திருந்தா உன்னை நான் பர்மனென்ட் பண்ணியிருப்பேன், சாஜி."

அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சிரித்துவிட்டாள் என்பது மட்டும் பக்கவாட்டில் தெரிந்திருக்கும்.

*

மாப்பிள்ளை வீட்டு வாசலில் பந்தல் இல்லாவிட்டாலும் ஆள் இருந்தது. ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறந்து பெண் ஒருத்தி இறங்கியதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாஜிதா தன் கைகளைப் பார்த்தாள். முழங்கைவரை கரி. துப்பட்டாவில் கிரீஸ். முட்டியில் செம்மண். பெண் வீட்டுக்காரி என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மாப்பிள்ளையின் அத்தா ஓடி வந்து சாதிக் அலியைக் கட்டிக்கொண்டார். "வாங்க பாய்! ரெண்டு மச்சானும் ஒண்ணா வந்துட்டீங்களா? நல்ல சகுனம்தான்!" ஆண்கள் முன்ஹாலுக்குள் போனார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் வாசற்படியிலேயே நின்றார். ஒல்லியான, அதிகம் பேசாத பெண்மணி. அவர் பார்வை சாஜிதாவின் கைகளில் நின்றது. பிறகு காருக்குப் போனது. மறுபடி கைகளுக்கு வந்தது. சாஜிதா கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"வாங்க, கை கழுவிக்கலாம்" என்று சொல்லி, நேராகக் கொல்லைப் பக்கம் அழைத்துப் போனார். குழாயைத் திறந்துவிட்டு, சோப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, கொல்லைக் கதவைச் சாத்தினார்.

"ஆம்பளைங்க பேச்ச ஆரம்பிக்கிறதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். "போன வாரம் நீங்க வரலைல்ல? அன்னிக்கி ராத்திரி உங்க பொண்ணு எனக்கு போன் பண்ணுச்சு."

சாஜிதாவின் கையிலிருந்து சோப்பு நழுவியது. "ஷமாவா?"

"நம்பர் எப்படிக் கெடச்சுதுன்னு கேக்கல. வண்டி பஞ்சராகித்தான் வர முடியல, வேற எதுவும் நெனச்சிக்காதீங்கன்னு சொல்லுச்சு. அப்புறம் ஒரு நிபந்தன சொல்லுச்சு. கல்யாணம் ஆனாலும் வேலைய விடமாட்டேன், நெய்வேலிலதான் இருப்பேன். உங்க புள்ள கடலூர்ல வேலைய முடிச்சிக்கினு தெனம் நெய்வேலிக்குத்தான் வரணும்னு."

உங்க இஷ்டம் என்று இரண்டே வார்த்தையில் பதில் சொல்கிற பெண். சாஜிதாவுக்குக் குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை. "நீங்க… உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லல. சொன்னா இன்னிக்கே பேச்சு முடிஞ்சிரும். புள்ளய வெளியூருக்கு விட்டுக்குடுக்கற ஆளு இல்ல அவரு." அந்த அம்மாள் குனிந்து சோப்பை எடுத்து மறுபடி சாஜிதாவின் கையில் வைத்தார். "ஆனா நான் நெனச்சா அவர சம்மதிக்க வைப்பேன். உங்க பொண்ணு பக்கம் நிப்பேன். எனக்கு நீங்க ஒண்ணு பண்ணணும்."

முன்ஹாலிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. மாப்பிள்ளையின் அத்தா, "பேச்ச ஆரம்பிக்கலாமா, பொம்பளைங்க எங்க?" என்று கூப்பிட்டார்.

"எனக்குக் கார் ஓட்டக் கத்துக்குடுக்கணும்" என்றார் அந்த அம்மாள். "அவருக்குத் தெரியாம."

சாஜிதா அந்த முகத்தைப் பார்த்தாள். வேடிக்கைக்குச் சொல்கிற முகம் இல்லை. கையில் மீதியிருந்த கரியை அழுத்தித் தேய்த்தாள்.

"ஸ்கூட்டி ஓட்டுவீங்களா?"

"சைக்கிள்கூடத் தெரியாது" என்றார் அந்த அம்மாள், கொல்லைக் கதவின் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி.